வயலிலிருந்து சுவருக்கு வந்த சின்னங்கள்
தேர்தல் விளம்பரங்கள், 1952–1967

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்கத்தான் முதல் பொதுத்தேர்தலில் சின்னங்கள் வந்தன. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். உழவும் அறுப்புமே பிழைப்பான காவிரிக் கரை ஊர்களில் இவற்றுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு வந்த தி.மு.க.வின் உதயசூரியனை வரைவது இன்னும் சுலபம்: இரண்டு மலை, நடுவே பாதி வட்டம், மேலே கதிர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரும் கொஞ்சம் காவியும் போதும். 1962இல் அந்தச் சின்னத்தில் நின்றுதான் மு. கருணாநிதி தஞ்சாவூர்த் தொகுதியில் வென்றார்.

1967இல் அரிசித் தட்டுப்பாடே தேர்தல் பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஜனவரி 12 அன்று சுடப்பட்ட அக்கட்சி வேட்பாளர் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தார். கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் சுவரொட்டியே அவருக்காகப் பிரசாரம் செய்தது.