கனவான்கள் வாங்கிய இரவல்!

உழுபவன் ஒருவன், உண்பவன் வேறொருவன். இந்த அநீதி வயலோடு நின்றதா? விளையாட்டுத் திடலுக்கும் வந்தது, தோழர்களே! இங்கிலாந்தின் கிரிக்கெட் வரலாறே அதற்குச் சாட்சி.

சர்ரே வட்டாரத்திலே, பார்ன்ஹாம் நகரை அடுத்து, ரெக்கிள்ஷாம் என்றொரு சிற்றூர். அங்கே 1766ஆம் ஆண்டு பிறந்தான் வில்லியம் பெல்டாம். உழவர் வீட்டுப் பிள்ளை. வெளிறிய தலைமுடி, ஆகவே 'வெள்ளி பில்லி' என்று செல்லப் பெயர். மட்டை பிடிக்க அவனுக்குக் கற்றுத் தந்தவர் பிரபுவா? பேராசிரியரா? இல்லை! இஞ்சி ரொட்டி சுட்டு விற்ற ஹாரி ஹால்! இடது முழங்கையை உயர்த்தி ஆடவேண்டும் என்பதே அவர் தந்த பாடம். அந்தப் பாடத்தோடு, புகழ்பெற்ற ஹாம்பிள்டன் சங்கத்திலே புகுந்தான் பெல்டாம். அங்கே பந்து வீச்சில் இணையற்று விளங்கிய டேவிட் ஹாரிஸ் யார்? மண் பிசைந்த குயவர்!

1806ஆம் ஆண்டு, லண்டன் லார்ட்ஸ் திடலிலே ஒரு போட்டி. ஒருபுறம் 'கனவான்கள்', கூலிக்கு ஆடத் தேவையில்லாத செல்வர்கள். மறுபுறம் 'ஆட்டக்காரர்கள்', ஆடிப் பிழைத்த ஏழைகள். வென்றவர் யார்? கனவான்கள்! எப்படி? எதிரணிக்குரிய பெல்டாமையும், லாம்பர்ட்டையும் இரவலாகப் பெற்றுக் களமிறங்கினர்! உழவன் மகன் தோள் தந்தான்; உயர்குடி வெற்றிமாலை சூடிற்று!

இரவல் வாங்கிய பிறகாவது இறுமாப்பு இறங்கியதா? இல்லை. கனவானுக்கொரு வாசல், கூலிக்காரனுக்கொரு வாசல். உடை மாற்றும் அறையும் வேறு. ஆட்டப் பட்டியலிலே கனவான் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து. கூலிக்காரன் பெயருக்குப் பின்னே! இருபதாம் நூற்றாண்டிலே, கூலிக்கு ஆடும் ஒருவர், லென் ஹட்டன், இங்கிலாந்து அணித் தலைவராக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினையே 1962இல்தான் ஒழிந்தது.

பெல்டாமோ 55 வயது வரை பெரும்போட்டிகளில் ஆடினார். பிறகு டில்போர்டு கிராமத்திலே மதுக்கடை நடத்தி, 96ஆம் வயதில், 1862இல் மறைந்தார்.

ஆலையிலே, வயலிலே வியர்வை சிந்தும் தோழனே! திறமைக்குத் தாய் பயிற்சி, பிறப்பு அல்ல. 'உனக்குத் தகுதி உண்டா?' என்று உன்னை எவரேனும் ஏளனமாகக் கேட்டால், 1806ஐ நினைவூட்டு. நாமும் கேட்கிறோம்: இரவல் வாங்கியவர் கனவானா? இரவலாக வந்து வென்று கொடுத்தவர் கனவானா?