எலியைப் பிடிக்க இதுதான் நேரம், சாரைப்பாம்பை அடிக்காதீர்கள்

சம்பா பயிர் தூர் கட்டும் நாட்களில் ஒருமுறை வரப்பைச் சுற்றி வாருங்கள். வளை வாயில் புது மண் தள்ளியிருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று அர்த்தம். பொதி பருவம் வரை விட்டுவிட்டால் பிறகு சமாளிப்பது கடினம். அப்போதுதான் வரப்பெலி மும்முரமாகக் குட்டி போடும். சினைக்காலம் மூன்று வாரம்தான். தின்பதோடு நிற்காமல் கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்தும் வைக்கும்.

எலி பிடிப்பதில் நம் செங்கல்பட்டு இருளர்களை மிஞ்ச ஆளில்லை. வளையின் வாய்களைத் தேடி அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் சட்டியில் வைக்கோல் புகை ஊதி, பிறகு தோண்டுவார்கள். மருந்தே இல்லாமல் குட்டிகளோடு சிக்கிவிடும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்தபின் பாம்புகளைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படிப்பட்டவர்கள் பக்கத்திலேயே இருந்தும் நாம் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறோம். அவர்களைக் கூப்பிட்டால் கூலியை முன்பே பேசிக் கொடுங்கள். வளையில் கிடைக்கும் நெல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பது நியாயமில்லை.

சாரைப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. வளைக்குள்ளேயே நுழைந்து எலியைத் தின்னும். நல்ல பாம்புக்கு அது ஜோடி என்ற பேச்சை நம்பி அடித்துவிடுகிறோம். பின்னிக்கொண்டு எழும்பி நிற்பவை பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள். அடிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

எலி மருந்து வைத்தால் அதைத் தின்று தள்ளாடும் எலியை ஆந்தையும் பாம்பும் பிடித்துத் தின்னும், அவையும் சாகலாம். துத்தநாக பாஸ்பைடைக் கொஞ்சம் தின்று தப்பிய எலி, அடுத்த முறை அதைத் தொடாது.

அகலமான வரப்பில்தான் எலி வளை தோண்டும். வரப்பைச் செதுக்கி ஒரு அடி அகலத்துக்குள் வையுங்கள், புல்லை விடாதீர்கள். ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நடுங்கள். கதிர் முற்றத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிகள் உட்காரும். தஞ்சாவூர் கிட்டியும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் எலி வந்துவிடும். ஏரிப் பாசனக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

எலியைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வளைக்கு வரும். எந்த வளையிலும் கையை விடாதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.