மெட்டும் மொழியும்: பர்ன்ஸ் – தாம்சன் கடிதங்கள் காட்டும் ஒரு மொழிச்சிக்கல்

1792 செப்டம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன், கவிஞர் இராபர்ட் பர்ன்சுக்கு (1759–1796) ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஸ்காட்லாந்தின் பழைய மெட்டுகள் இனியவை. அவற்றுக்கு வழங்கிவரும் சொற்களோ பல இடங்களில் தரமற்றவை. ஆதலின் அம்மெட்டுகளுக்குப் புதிய பாடல்கள் இயற்றித்தருதல் வேண்டும், அதற்குரிய ஊதியமும் தரப்படும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 16ஆம் நாள் பர்ன்ஸ் விடை எழுதினார். பணியை ஏற்றார்; ஊதியத்தை மறுத்தார்; ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆங்கிலப் பாடல்களே வேண்டுமெனில் தம் பங்கு அத்துடன் முடிந்தது என்றும், தாய்மொழியின் சாயலாவது பாடல்களில் இருக்க இடந்தரவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கவிஞரின் இறுதிவரை நீடித்த இக்கடிதத் தொடர்பு, பாடல்மொழி பற்றிய ஆய்வுக்கு அரிய சான்றாகும்.

பதிப்பாளரின் தயக்கத்துக்கு அக்காலச் சூழலே காரணம். 1707ஆம் ஆண்டு ஒன்றிப்புக்குப் பின் எடின்பரோக் கற்றோர் ஸ்காட்ஸ் வழக்குகளைத் தம் எழுத்திலிருந்து களைவதில் முனைந்திருந்தனர். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமே தவிர்க்கத்தக்க ஸ்காட்ஸ் வழக்குகளின் பட்டியலொன்றைத் தொகுத்திருந்தார். தாம்சனின் நூலை வாங்கக்கூடியவர்கள் பியானோ உள்ள இல்லங்களைச் சேர்ந்தவர்கள்.

பர்ன்சுக்கு இதற்கு முன்பே வேறொரு பதிப்பாளருடன் தொடர்பு இருந்தது. இசைக்குறிகளை உலோகத் தகட்டில் பொறிக்கும் தொழிலரான ஜேம்ஸ் ஜான்சன், 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளில் 600 பாடல்களை வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பர்ன்ஸ் இயற்றியவை அல்லது திருத்தியவை. ஜான்சன் புலமையாளர் அல்லர். கவிஞர் தந்ததை அச்சிட்டார். தாம்சனோ தம்மைப் பதிப்பாளராக மட்டுமன்றி வழிகாட்டியாகவும் கருதினார். சொல், மெட்டு, நடை ஆகிய மூன்றிலும் திருத்தம் கூறினார்.

பர்ன்சின் பிடிவாதத்தை நாட்டுப்பற்று என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அவர் மெட்டுக்குப் பாட்டு எழுதியவர். மெட்டின் உணர்வை முதலில் உள்வாங்கி, அதை முணுமுணுத்தவாறே உலவி, பின்னர் ஏட்டில் எழுதுவது தம் வழக்கம் என்று 1793இல் அவரே விளக்கியுள்ளார். மெட்டில் அழுத்தம் பெறும் சுரங்களுக்கு ஏற்ப அசைகளை அமைக்கவேண்டியிருப்பது கவிஞனின் கையைக் கட்டுகிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார். இங்குதான் இருமொழிகளின் ஒலியமைப்பு வேறுபாடு முதன்மை பெறுகிறது. ஆங்கிலத்தில் மெய்யீறாக முடியும் சொற்கள் பல ஸ்காட்ஸில் ஈற்றுமெய் கெட்டு உயிரீறாகின்றன. ‘ஹேவ்’ என்பது ‘ஹே’ என்றும், ‘வித்’ என்பது ‘வி’ என்றும், ‘ஆல்’ என்பது ‘ஆ’ என்றும் வழங்கும். நீட்டிப் பாடவேண்டிய இடத்தில் உயிரீற்று அசை தரும் வசதியைப் பாடுவோர் நன்கறிவர். ‘லாஸ்’ என்பது ‘லாஸி’ ஆவதுபோல் சிறுமைப்பொருள் விகுதி ஓரசைச் சொல்லை ஈரசையாக்குகிறது. வலியசையை அடுத்து மெலியசை வந்து முடியும் மெட்டுகளுக்கு இது பெரிதும் உதவும். 1794 அக்டோபரில் ‘டங்கன் கிரே’ பாடலை ஆங்கிலத்தில் ஆக்க முயன்று தோற்ற பர்ன்ஸ், ஆங்கிலத்தில் தம் கருத்துகளே வறண்டுபோவதாக எழுதினார்.

மெட்டைப் பற்றிய பூசல் 1793இல் ‘ஸ்காட்ஸ் வா ஹே’ பாடலில் உச்சத்தை எட்டியது. கவிஞர் அதனை ஒரு பழைய மெட்டுக்கு எழுதினார். தாம்சன் அம்மெட்டு தாழ்ந்தது எனக் கருதி வேறொன்றைப் பரிந்துரைத்தார். அதற்காக ஒவ்வொரு கண்ணியின் நான்காம் அடியும் நீளவேண்டியதாயிற்று. பர்ன்ஸ் இணங்கி அடியை நீட்டினார். மேலும் திருத்தங்கள் கேட்கப்பட்டபோது மறுத்துவிட்டார். கவிஞர் மறைந்தபின் தாம்சன் தம் விருப்பப்படியே வெளியிட்டார். பின்னாளில் பழைய மெட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. நீண்ட அடியின் அடைமொழிகள் பொருளுக்கு எதையும் சேர்க்கவில்லை. இடத்தை நிரப்பின, அவ்வளவே. இருவகைப் பாடங்களும் அச்சில் இருப்பதால், மொழிபெயர்ப்பாளர் தம் மூலம் எது என்பதை முதலில் தெளிந்துகொள்ளவேண்டும். ஸ்காட்ஸும் ஆங்கிலமும் கலந்த பாடலை முழுதும் செந்தமிழில் பெயர்த்தால், தாம்சன் விரும்பிய பாடலே தமிழுக்கு வந்துசேரும்.

எனினும் தாம்சனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஹைடன், பேத்தோவன் போன்றோரைக் கொண்டு இம்மெட்டுகளுக்கு இசையமைப்புச் செய்வித்தவர் அவரே. மெட்டுகளை மட்டும் பெற்ற பேத்தோவன் சொற்களையும் அனுப்புமாறு கேட்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஊதியச் செய்தியும் உண்டு. 1793இல் தாம்சன் கேளாமலே ஐந்து பவுன் அனுப்பியபோது பர்ன்ஸ் மனம் புண்பட்டு, இனி இவ்வாறு செய்யலாகாது என எச்சரித்தார். 1796 ஜூலை 12ஆம் நாள், கடன்காரர் ஒருவருக்கு அஞ்சிய நிலையில், அதே ஐந்து பவுனை அவரே கேட்டு எழுதினார்; ஈடாகப் பாடல்கள் தருவதாகவும் வாக்களித்தார். தாம்சன் உடனே அனுப்பினார். ஜூலை 21இல் கவிஞர் மறைந்தார்.

‘ஆல்டு லாங் சைன்’ பாடலை ஜான்சன் 1796இல் ஒரு மெட்டிலும், தாம்சன் 1799இல் வேறொரு மெட்டிலும் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் பாடப்படுவது தாம்சன் வெளியிட்ட மெட்டு. சொற்கள் மட்டும் ஸ்காட்ஸிலேயே நிற்கின்றன.