முதலில் திட்டம், பிறகே சட்டம்

ஜெர்மனியில் ஏறக்குறைய பாதி வீடுகள் இயற்கை எரிவாயுவாலும், நான்கில் ஒரு பங்கு எண்ணெயாலும் குளிர்காலத்தைக் கடக்கின்றன. 2045க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்யமாக்க வேண்டும் என்பது அந்நாட்டின் சட்டபூர்வ இலக்கு. ஒரு பாய்லர் 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். எனவே, இன்று எதைப் பொருத்துகிறார்கள் என்பதே அந்த இலக்கைத் தீர்மானிக்கும்.

மாற்று என்ன?

ஹீட் பம்ப்தான் முதன்மையான மாற்று. அறையின் வெப்பத்தை ஏசி வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப்போ வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால், பாய்லரைவிட விலை மிக அதிகம். ஜெர்மனியில் மின்சாரமும் எரிவாயுவைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை என்பதால், மாதச் செலவிலும் பெரிய மிச்சம் இல்லை.

எங்கே சறுக்கியது?

புதிய வெப்பமூட்டும் கருவிகள் 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற சட்ட வரைவு 2023 பிப்ரவரியில் கசிந்தது. மானியம் எவ்வளவு என்று தெரியும் முன்பே கட்டாயம் என்ற செய்தி வீடு வீடாகப் பரவியது. அஞ்சிய மக்கள் அவசரமாக எரிவாயு பாய்லர்களை வாங்கினர். செப்டம்பரில் தளர்த்தப்பட்ட சட்டம் நிறைவேறியது. செலவில் 70 சதவீதம் வரை மானியமும் வந்தது. ஆனாலும், 2023இல் சுமார் 3.5 லட்சமாக இருந்த ஹீட் பம்ப் விற்பனை, மறு ஆண்டு 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2025இல் பதவியேற்ற கூட்டணி, அந்தச் சட்டத்தையே நீக்குவதாக அறிவித்தது.

டென்மார்க்கின் வழி

1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றியது. எந்தப் பகுதிக்குப் பொது வெந்நீர்க் குழாய், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று உள்ளாட்சிகள் வரையறுத்தன. மின் நிலையங்களில் வீணான வெப்பம் குழாய்வழி வீடுகளை அடைந்தது. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகள் அந்த வலைப்பின்னலில் இருக்கின்றன. புதிய கட்டடங்களில் எண்ணெய், எரிவாயு பாய்லர்களுக்குத் தடை வந்தது 2013இல்தான். மாற்று வழி ஊன்றிய பிறகு.

ஜெர்மனியும் பின்னர் பெருநகரங்கள் 2026 நடுவுக்குள்ளும், மற்ற ஊர்கள் 2028 நடுவுக்குள்ளும் வெப்பத் திட்டத்தை முடிக்க வேண்டும் என விதித்தது. இதுவே முதல் படியாக இருந்திருக்க வேண்டும். தன் தெருவுக்குக் குழாய் வருமா, தனக்கு எவ்வளவு உதவி கிடைக்கும், மின்கட்டணம் குறையுமா என்று ஒரு குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிந்தால், சட்டம் சுமையாகத் தோன்றாது. வருமானம் குறைந்தவர்களைக் கடன்படவைக்கும் பருவநிலைக் கொள்கை அடுத்த தேர்தலைத் தாண்டாது.