கேபிளுக்குள் கரண்ட்: கணக்குப் போட்டாச்சா?



கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், லைட் அணையும், டி.வி. ஊமையாகும். ஆனால் அந்தக் காலத்து லேண்ட்லைன் டெலிபோன் மட்டும் இருட்டிலும் கணீரென்று மணி அடித்ததே, ஏன்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "அதுக்குத்தான் கரண்டே வேணாமே" என்பார்கள். வேண்டும்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் டி.சி., பேச்சு வருகிற அதே இரண்டு கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இதே யோசனையை நெட்வொர்க் கேபிளுக்குக் கொண்டு வந்ததுதான் பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.ஈ. கம்பத்து உச்சியில் இருக்கும் கேமராவுக்கும், கூரையில் ஒட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்கும், மேஜை மேல் இருக்கும் ஐ.பி. போனுக்கும் தனியாக பிளக் பாயின்ட் வேண்டாம். தகவல் போகும் கேபிளிலேயே கரண்டும் போகும். கிரிம்பிங் டூல் பிடிக்க இரண்டே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எத்தனை வாட் வேண்டும் என்ற கணக்கைத்தான் பலர் போடுவதே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் என்று கேட்டுத்தான் கதவு திறக்கும்

"48 வோல்ட் வர்ற போர்ட்டில் என் லேப்டாப்பை மாட்டினால் புகைஞ்சிடாதா?" என்று முதலாமாண்டு தம்பி ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்டாண்டர்டுப்படி செய்த சுவிட்ச் எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜைத் தராது. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் கொஞ்சமாகக் கொடுத்து, எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் "நம்ம ஆள்" என்று ஏற்றுக்கொள்ளும். அடுத்து, அந்தக் கருவி எந்த வகுப்பு, அதாவது அதிகபட்சம் எத்தனை வாட் கேட்கும் என்று பார்க்கும். அதன் பிறகுதான் முழு சப்ளை. லேப்டாப்பில் அந்த 25 கிலோ ஓம் அடையாளம் இல்லாததால் அதற்குக் கரண்ட் போகாது. (24 வோல்ட்டை எதுவும் கேட்காமல் தள்ளிவிடும் 'பாசிவ்' வகையும் மார்க்கெட்டில் உண்டு. அங்கே ஜாக்கிரதை!)

15.4 எங்கே, 12.95 எங்கே?

2003இல் வந்த முதல் ஸ்டாண்டர்டில் (802.3 ஏ.எஃப்.) சுவிட்ச் தருவது 15.4 வாட். ஆனால் கருவி நம்பி எடுக்கக்கூடியது 12.95 வாட்தான். மீதி எங்கே போச்சு? செகண்ட் செமஸ்டரில் மனப்பாடம் செய்த ஐ ஸ்கொயர் ஆர் இங்கேதான் உயிரோடு வருகிறது.

சுவிட்ச் முனையில் குறைந்தபட்சம் 44 வோல்ட், அதிகபட்சம் 0.35 ஆம்பியர். பெருக்கினால் 15.4 வாட். 100 மீட்டர் கேபிளின் போக வர மொத்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். இது கேபிளிலேயே சூடாகப் போய்விடும். 15.4இல் 2.45 போக 12.95. கணக்கு கச்சிதம்!

2009இல் வந்த 802.3 ஏ.டி.யிலும் இதே கதைதான். 50 வோல்ட், 0.6 ஆம்பியர், ஆக 30 வாட். தடை 12.5 ஓம். கேபிளில் போவது 4.5 வாட், கருவிக்குக் கிடைப்பது 25.5 வாட். 2018இல் வந்த 802.3 பி.டி. நான்கு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்தி, சுவிட்ச் முனையில் 90 வாட் வரை தருகிறது. கருவிக்கு 71.3 வாட் வரை.

ஆகவே முதல் பாடம்: கணக்கைச் சுவிட்ச் முனையில் போட வேண்டும். கேமரா அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் கூட்டினால் கேபிள் தின்பது விட்டுப்போகும்.

வாட்ச்மேன் மேல் விழுந்த பழி

நான் இன்பிளான்ட் ட்ரெயினிங் போயிருந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் இப்படி ஒரு கம்ப்ளெயின்ட். தினமும் மாலை இருட்டியதும் கேட் கேமரா செத்துவிடும். விடிந்தால் தானாக உயிர் வரும். கேமராவை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாச்சு. கடைசியில், "ராத்திரி டூட்டியில் தூங்குறதுக்காக வாட்ச்மேன்தான் ஒயரைப் பிடுங்குறார்" என்று நிர்வாகமே முடிவு கட்டிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அண்ணாச்சி, "நான் அதைத் தொட்டதே இல்ல தம்பி" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணன் ஏணியைத் தொடவே இல்லை. லேப்டாப்பில் சுவிட்சின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு போர்ட்டும் எடுக்கும் வாட்டை என்னை எழுதச் சொன்னார். 16 போர்ட், மொத்த பட்ஜெட் 150 வாட். 8 கேமரா, 4 வைஃபை, 4 போன்.

பகலில்: கேமரா 8 × 6 = 48, வைஃபை 4 × 13 = 52, போன் 4 × 3 = 12. மொத்தம் 112 வாட். தாராளம்!

இரவில்: இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியும். 6 வாட் 11 ஆகும். 8 × 11 = 88. மற்றவை அப்படியே. மொத்தம் 152 வாட்.

வெறும் 2 வாட் அதிகம்! பட்ஜெட் மீறினால் சுவிட்ச் யாரையாவது வெளியே தள்ளியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே முன்னுரிமை என்றால் பல சுவிட்சுகளில் கடைசி நம்பர் போர்ட்டுக்குத்தான் முதல் வெட்டு. கேட் கேமரா 16ஆம் போர்ட்டில் இருந்தது. அதை வெட்டியதும் 141 வாட். மறுபடி சேர்க்க 15.4 வாட் இடம் வேண்டும், இருப்பதோ 9. விடியும்வரை இடமே கிடைக்காது.

அண்ணன் கேட் கேமராவின் முன்னுரிமையை உச்சத்துக்கு ஏற்றினார். ஸ்டோர் ரூம் வைஃபையைத் தனி இன்ஜெக்டருக்கு மாற்றினார். இரவுக் கணக்கு 139 வாட்டுக்கு இறங்கியது. அன்று ராத்திரி கேமரா அணையவில்லை. மறுநாள் மேனேஜரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார் அண்ணன். ஒரு பக்கக் கூட்டல் கணக்கு ஒரு மனுஷனின் வேலையைக் காப்பாற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போ சரியான கணக்கு எப்படி?

அதே 16 கருவிகளுக்குப் புதிதாகத் திட்டம் போடுவோம். ஒவ்வொன்றும் சுவிட்ச் முனையில் எந்த வகுப்பு என்று பாருங்கள்.

கேமரா, வகுப்பு 3: 8 × 15.4 = 123.2
வைஃபை, வகுப்பு 4: 4 × 30 = 120
போன், வகுப்பு 2: 4 × 7 = 28
மொத்தம்: 271.2 வாட்

இதோடு கால் பங்கு கூட்டினால் 339 வாட். கடையில் 24 போர்ட், 370 வாட் சுவிட்ச் கிடைக்கும். (அதென்ன 370? 24 × 15.4 = 369.6. இப்போ புரியுதா!) இதை வாங்கினால் 98.8 வாட் கையிருப்பு. ஆனால் கவனியுங்கள்: மீதம் 8 போர்ட் இருந்தாலும், 30 வாட் கருவிகள் மூன்றுதான் சேர்க்க முடியும். போர்ட் எண்ணிக்கை வேறு, வாட் எண்ணிக்கை வேறு.

"நிஜத்தில் அவ்வளவு எடுக்காதே, வீண் செலவுதானே?" என்பீர்கள். எடுக்காதுதான். அளந்து பார்த்துக் குறைக்கலாம், தப்பில்லை. ஆனால் அளக்கும்போது இரவில், எல்லா விளக்கும் எரியும்போது, வைஃபையில் கூட்டம் இருக்கும்போது அளக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணி அளவு ராத்திரிக்கு உதவாது.

யு.பி.எஸ். கணக்கு

மருத்துவமனையின் இரவு லோடு 152 வாட். சுவிட்ச் தன் சொந்தச் செலவுக்கு 30 வாட் எடுப்பதாக வைத்தால் 182. அதன் பவர் சப்ளை 90 சதவீதத் திறன் என்றால், யு.பி.எஸ். தர வேண்டியது 202 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 404 வாட் மணி. இன்வெர்ட்டர் திறன் 85 சதவீதம் என்றால் 475 வாட் மணி. 12 வோல்ட் பேட்டரியில் இது சுமார் 40 ஆம்பியர் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுசு குறையும். எனவே 80 தேவை, 100 வாங்கினால் நிம்மதி. இன்னொன்று: யு.பி.எஸ். மேல் எழுதிய வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது 360 வாட்தான் தரலாம். வாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்

விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தலையில் கட்டுவார்கள். அலுமினியத்தின் தடை செம்பைப் போல சுமார் 1.6 மடங்கு. தடை கூடினால் கேபிளில் வீணாகும் வாட்டும் கூடும், கடைசி முனையில் வோல்டேஜ் விழும், கட்டாகக் கட்டிய கேபிள்களில் சூடு ஏறும். அந்தக் கேபிள் ஸ்டாண்டர்டுக்கும் உட்பட்டதல்ல. ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நண்பர்களே! நாளைக்கு நீங்கள் சைட்டுக்குப் போகும்போது டூல் கிட்டோடு ஒரு கால்குலேட்டரும் போகட்டும். எத்தனை போர்ட் என்று கேட்பதற்கு முன் எத்தனை வாட் என்று கேளுங்கள். பகலில் கேட்ட கேள்வியை இருட்டிய பிறகும் ஒரு முறை கேளுங்கள். டிப்ளமோ படித்தவன் வந்து பார்த்தான் என்பதற்கு அதுதான் அடையாளம்!

- மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை