இடிந்து எழுந்த நகரம்!

ஐரோப்பாவில் ஒரு நாள் ஊர் சுற்றலாமா குட்டீஸ்?

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சா. விஸ்துலா நதிக்கரையில் இருக்கிறது. இங்குள்ள, 'பழைய நகரம்' பகுதிக்குள் நுழைந்தால், 'அடேயப்பா... எத்தனை நூற்றாண்டுப் பழமை!' என்று வியப்போம். ஆனால், இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு, உங்கள் தாத்தா, பாட்டி வயதுதான் இருக்கும்! எப்படி என்கிறீர்களா? வாருங்கள், நடந்துகொண்டே பேசுவோம்.

காலை: அரண்மனை சதுக்கம்

நடுவில், 22 மீட்டர் உயரத் தூண். உச்சியில், மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் சிலை. தலைநகரை கிராக்கோவில் இருந்து வார்சாவுக்கு மாற்றியவர் இவர். 1644ல் நிறுவப்பட்ட இந்தத் தூண், இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்பட்டது. 1949ல் மீண்டும் நிமிர்ந்தது. உடைந்த பழைய தூணின் துண்டுகளை, அரண்மனை அருகே இன்றும் பார்க்கலாம்.

அரண்மனைக் கோபுரத்தில் ஒரு கடிகாரம். 1939 செப்டம்பர் 17ல், ஜெர்மானியரின் தாக்குதலில் கோபுரம் தீப்பிடித்தபோது, 11:15க்கு அது நின்று போனது. புதுக் கோபுரம் எழுந்து, 1974ல் கடிகாரம் மீண்டும் ஓடத் துவங்கியதும், அதே 11:15க்குத்தான்!

மதியம்: சந்தைச் சதுக்கம்

வண்ண வண்ண வீடுகள்... நடுவே, வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை. வார்சாவின் சின்னம் இவள்தான்.

நாஜிப் படையை எதிர்த்து, 1944 ஆகஸ்ட் 1ல் வார்சா மக்கள் கிளர்ந்து எழுந்தனர். போராட்டம், 63 நாட்கள் நீடித்தது. பழி வாங்க, தெருத் தெருவாக நெருப்பு வைத்தும், வெடி வைத்தும் நகரை அழித்தனர் நாஜிகள். பழமையான பகுதியில், 85 சதவீதத்துக்கும் மேல் தரைமட்டம்!

போர் முடிந்ததும், 'பழைய நகரம் பழையபடியே வேண்டும்' என்று மக்கள் உறுதியாக இருந்தனர். ஆனால், கட்டடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே? கட்டடக்கலைப் பேராசிரியர்களும், மாணவர்களும் அளந்து வரைந்து, போரின்போது ஒளித்து வைத்த வரைபடங்கள் கைகொடுத்தன. பெல்லோட்டோ என்ற ஓவியர், 18ம் நூற்றாண்டில் தீட்டிய வார்சா தெரு ஓவியங்களும் உதவின. இடிபாடுகளில் கிடைத்த செங்கற்களையும் பயன்படுத்தினர். 1953ல் சந்தைச் சதுக்கம் தயார். 1980ல், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது பழைய நகரம்.

மாலை: குட்டிப் போராளி

கோட்டைச் சுவர் ஓரம் ஒரு சிறுவன் சிலை. தலையை விடப் பெரிய இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி. 1944 போராட்டத்தில் பங்கேற்ற சிறுவர்களுக்காக, 1983ல் வைக்கப்பட்டது. அந்த நாட்களில், சாரணச் சிறுவர்கள் உயிரைப் பணயம் வைத்து, தெருத் தெருவாகக் கடிதங்களைக் கொண்டு சேர்த்தனர். சிலைக்கு அடியில், மலர்கள் வைத்துச் செல்கின்றனர் மக்கள்.

அருகில்தான், பிரெட்டா தெரு. இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற விஞ்ஞானி மேரி கியூரி, 1867ல் பிறந்தது இங்கேதான். அங்கே, அவரது நினைவாக அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ம் தேதி, மாலை 5:00 மணிக்கு வார்சாவில் சங்கு ஒலிக்கும். பேருந்து, கார், நடப்பவர் எல்லாரும் அப்படியே நிற்பர். அன்று நீங்கள் அங்கே இருந்தால், நீங்களும் ஒரு நிமிடம் நில்லுங்கள், சரியா குட்டீஸ்?