வேகமானியின் எண்களும் காரின் எல்லைகளும்

புதிய காரில் முதன்முறையாக அமரும்போது நம் பார்வை வேகமானியின் மீது படிவது இயல்பு. சாதாரணக் குடும்பக் கார்களிலும் அதில் 200, 220 போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவ்வேகம் வரை கார் பாதுகாப்பாகச் செல்லும் என்பதற்கு அவை உறுதிமொழி அல்ல. பல கார்களின் எஞ்சின் அந்த எண்ணை எட்டுவதே இல்லை. எட்டக்கூடிய வேகத்திலும், காரை உரிய இடத்தில் நிறுத்த முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நிறுத்த எவ்வளவு தொலைவு வேண்டும்?

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலையை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சாலையின் நீளம் சுமார் 165 கி.மீ. கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.; பனிமூட்டம் சூழும் குளிர்காலத்தில் இன்னும் குறைவு. ஆயினும், அகன்று நேராக நீளும் சாலையைக் கண்டதும் 140-ஐத் தொட்டுப் பார்க்கும் ஆசை எழுகிறது.

100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த சாலையில், நல்ல பிரேக்கும் டயரும் இருந்தால், அதன்பின் நிற்க மேலும் 55 மீட்டர் தேவை. மொத்தம் 83 மீட்டர். 140 கி.மீ. வேகத்தில் இதுவே 147 மீட்டராகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதே இதற்குக் காரணம். வேகம் 40 விழுக்காடு கூடும்போது ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

83 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு லாரி பழுதாகி நிற்பதாகக் கருதுவோம். முதல் கார் அதன் அருகே நின்றுவிடும். அதே இடத்தை அடையும்போது இரண்டாவது காரின் வேகம், பிரேக் பிடித்த பின்னரும், சுமார் 108 கி.மீ. இருக்கும்.

நட்சத்திரங்கள் எதற்குச் சான்று?

‘என் கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது’ என்று நாம் ஆறுதல் கொள்ளக்கூடும். 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ திட்டத்தில் முன்பக்க மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடத்தப்படுகிறது. 108 கி.மீ. வேகத்தில் மோதும் காரின் ஆற்றல் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் இன்றியமையாதவை. ஆனால் அந்த நட்சத்திரங்கள் இத்தகைய மோதலுக்குச் சான்றளிக்கவில்லை.

டயரும் பிரேக்கும்

டயரின் பக்கவாட்டில் அளவைக் குறிக்கும் எண்களின் முடிவில் ஓர் எழுத்து இருக்கும். ‘டி’ எனில் 190 கி.மீ., ‘எச்’ எனில் 210 கி.மீ. அதன் உச்ச எல்லை. உரிய காற்றழுத்தமும் வரையறுத்த சுமையும் உள்ள, பழுதற்ற டயருக்கே இவ்வெல்லை பொருந்தும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து சூடேறுகிறது. கோடை நண்பகலில், முழுக் குடும்பமும் பெட்டிகளும் ஏற்றிய காரில், அச்சூடு டயரை வெடிக்கச் செய்யலாம். பிரேக் திரவமும் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை குறைவதால், பிரேக் கடுமையாகச் சூடேறும்போது அதன் பிடிப்பு தளரக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

வாகனக் கடன் தவணைகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் நீடிக்கின்றன. அக்காலத்தில் டயரும் முதுமை அடைகிறது. அதிலுள்ள நான்கு இலக்கக் குறியீடு தயாரிப்பு நாளைக் காட்டும்: 2321 எனில் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நெடும்பயணத்திற்கு முன் டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தைச் சரிபார்ப்போம். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80 கி.மீ.-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாதும் எச்சரிக்கை ஒலிக்கும். அதை நிறுத்த வழி தேட வேண்டாம். காப்பீட்டு ஆவணத்தையும் ஒருமுறை படிப்போம்: பந்தயத்திற்கோ வேகச் சோதனைக்கோ காரைப் பயன்படுத்துவது காப்புக்கு உட்படாது.

யமுனா விரைவுச்சாலை முழுவதையும் 100 கி.மீ. வேகத்தில் கடக்க 99 நிமிடங்கள் ஆகும். 140-இல் 71 நிமிடங்கள். மிச்சமாவது 28 நிமிடங்கள். வீட்டில் காத்திருப்போருக்கு அரை மணி நேரத் தாமதம் ஒரு பொருட்டன்று; புறப்படும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டாலே போதும்.